இது பேசோணும்

குட்டைத் திருகாணிகள் ஒரு குழியில், நீளமானவை இன்னொரு குழியில். தட்டு என்று தனியாக வாங்கியது எதுவும் இல்லை. பழைய இட்லித் தட்டுதான். வலது கை கழற்ற, இடது கை ஏந்திக் குழியில் போட்டது. கடைசித் திருகாணி வந்ததும் இரண்டு கைகளும் கொஞ்சம் நின்றன. பிறகு, காலாவதியான ஏடிஎம் அட்டையின் முனை லேப்டாப்பின் விளிம்பில் நுழைந்து ஓரமாகவே நகர்ந்தது. உள்ளிருந்த கொக்கிகள் ஒவ்வொன்றாக ‘டிக்’ என்று பிடியை விட்டன. அடிமூடி கையோடு வந்துவிட்டது. விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே தூசி, கிழிந்த மெத்தையிலிருந்து பிய்த்த பஞ்சு போலத் திரண்டு கிடந்தது. இரண்டு விரல்கள் அதை ஒரே இழுப்பில் எடுத்தன. மீதியைச் சிறிய பெயிண்ட் பிரஷ் கூட்டியது. பழைய ஹார்ட் டிஸ்க் கழன்ற இடத்தில், சத்தமே போடாத புதிய டிஸ்க் ஒன்று சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

புனேயின் போபோடியில் இந்தக் கைகளைத் தெரியாதவர்கள் குறைவு. கைகளுக்குச் சொந்தக்காரரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ‘சேவியர் பாவூ’ என்று கடைவாசலில் வந்து நிற்பார்கள். எதிரே வடா பாவ் கடையில் எண்ணெய் கொதிக்கும் ஓசையை மீறிக் குரல் கொடுப்பார்கள். “பாவூ, ஹே பாரீக் கரூன் த்யா.” மராத்தியில் பாவூ என்றால் அண்ணன், பாரீக் என்றால் மெலிந்தது. இந்தக் கம்ப்யூட்டரை மெலிய வைத்துக் கொடு என்று பொருள். சேவியர் செய்யும் வேலைக்கு இந்தச் சந்து வைத்த பெயர் அது. அவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

புதிய விண்டோஸ் தனியாக வராது. கல்யாணத்துக்கு வரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒரு கும்பலையே கூட்டிக்கொண்டு வரும். வானிலை சொல்ல ஓர் ஆள், செய்தி சொல்ல ஓர் ஆள், போட்டோக்களை அடுக்க ஓர் ஆள், எதையும் கேட்காமலே யோசனை சொல்ல ஓர் ஆள். புது மெஷினில் இவர்கள் எல்லாரும் ஒரு மூலையில் சாப்பிட்டுவிட்டுக் கிடப்பார்கள்; தெரியாது. பத்து, பதினைந்து வருடத்து லேப்டாப்பில் ஏற்றினால் அது மூச்சு வாங்கும். பழைய விண்டோஸுக்கு இனிப் பராமரிப்பு இல்லை என்று அறிவித்த பிறகு, சந்தில் இருந்த பழைய மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கடைக்கு வரத் தொடங்கின. பள்ளிக்கூட வாத்தியார், சைக்கிள் கடைக் கணக்குப்பிள்ளை, கண்டோன்மென்ட்டில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். புதிது வாங்க முடியாதவர்கள், அல்லது வாங்க மனசில்லாதவர்கள்.

சேவியர் விண்டோஸின் நிறுவல் கோப்பைத் தன் மெஷினில் விரித்து வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்குத் தேவைப்படாததை உள்ளிருந்தே எடுத்துவிடுவார். மிச்சத்தைத் திரும்பக் கட்டி, பென் டிரைவில் ஏற்றி, பழைய மெஷினில் இறக்குவார். எடுப்பது சுலபம். எது எதன்மேல் நிற்கிறது என்று தெரிவதுதான் வேலை. வேண்டாதது என்று நினைத்து ஒன்றை உருவினால், ஒருவாரம் கழித்து பிரின்டர் நின்றுபோகும். அதனால் ஒன்றை எடுத்தால் ஒருதடவை ஓட்டிப் பார்ப்பார், ஓடினால்தான் அடுத்தது. அவருடைய அப்பா கட்கி அம்யூனிஷன் ஃபேக்டரியில் ஃபிட்டர். ஓர் அரம் தேய்ப்பு, ஒரு பொருத்திப் பார்ப்பு என்றே வேலை செய்தவர். மகன் ஃபேக்டரிக்குப் போகவில்லை, அந்தப் பழக்கம் மட்டும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் கீபோர்டு துடைக்கிற வேலைக்குப் போனவர். வகுப்பு மூடியபோது, கழித்துக் கட்டிய மெஷின்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்துப் பிரித்துப் பார்த்தே இந்த இடத்துக்கு வந்தார்.

கல்யாணம் ஆகவில்லை. காரணம் என்று எதுவும் இல்லை. தங்கைக்கு முடியட்டும் என்று இருந்தார், பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள இருந்தார், பிறகு அப்படியே இருந்தார். தங்கை நாசிக்கில். ஃபோனில் ஹிந்திதான் பேசுவாள். அவளுடைய பிள்ளைகளும் கேட்கிறார்களே என்பாள். அம்மா இருந்தவரை வீட்டில் தமிழ் இருந்தது. அம்மா போனபிறகு சேவியர் தமிழில் பேசியது பின்கட்டுக்கு வரும் பூனையிடம்தான். அது போபோடிப் பூனை. அதற்கு மராத்திதான் புரியும்போல, திரும்பிக்கூடப் பார்க்காது. படித்தது ஹிந்தியும் இங்கிலீஷும் என்பதால் தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் துரு ஏறிக்கொண்டிருந்தது. சில நாள் ஒரு பொருளுக்குத் தமிழ்ப் பெயர் நினைவுக்கு வராமல், திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்.

இப்போது மேசைமேல் பிரிந்து கிடந்த லேப்டாப் கனகவல்லியுடையது.

அவர் வந்தது மழை விட்ட ஒரு காலையில். ஆட்டோவிலிருந்து இறங்கி, ஷட்டரின் விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு, “சேவியர் பாயி கா துகான் யஹீ ஹை க்யா?” என்று ஹிந்தியில் கடையை விசாரித்தார். பதில் வருவதற்குள் கால் படியில் இடித்தது.

“அட கெரகமே,” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

“மெல்ல வாங்கம்மா. படி கொஞ்சம் ஒசரம்,” என்றார் சேவியர்.

அந்த அம்மாள் அப்படியே நின்றார். “தமிழுங்களா? முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஆட்டோக்காரங்கூட ஹிந்தியில மாரடிச்சுப்போட்டு வர்றேன்.”

“நீங்க ஹிந்தியில கேட்டீங்க. அதான்…”

“நல்ல நாயம். செரி, ஒரு சேரு போடுங்க.”

உட்கார்ந்ததும் தானாகவே சொல்லிவிட்டார். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருந்தவர், காலமாகிவிட்டார். இவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். “சிஸ்டர்னு கூப்புட்டாத்தான் எனக்குத் திரும்ப வரும். பேர் சொன்னா யாரையோ கூப்புடறாங்கன்னு இருந்துருவேன்.” கண்ணுக்கு என்ன என்று சேவியர் கேட்கவில்லை. அதையும் அவரே சொன்னார். “நடுவுல மட்டும் ரப்பர் போட்டு அழிச்சாப்ல. உங்க மொகந் தெரியலீங்க தம்பி. ரெண்டு காதும் நல்லாத் தெரியுது.”

சேவியர் ஏனோ தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பையிலிருந்து லேப்டாப் வெளியே வந்தது. ஓய்வு பெற்ற வருஷம் வாங்கியது. இப்போது திறந்து, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் திரை முழுதாக வரும். மகள் பார்கவி ஊரின் மறுபக்கம் பாணேரில் இருக்கிறாள். புது டேப்லெட் ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். “கண்ணாடிப் பலகை. அதுல நான் எங்கேன்னு தடவறது? இதுல பொத்தான் இருக்குது. விரலு வெச்சா எந்த எழுத்துன்னு விரலுக்குத் தெரியும்.”

“பாரீக் பண்ணிடலாம் சிஸ்டர். உங்களுக்கு இதுல இன்னா இன்னா வேணும்?”

“ஒன்னும் வேண்டாம். எல்லாத்தையும் எடுத்து வீசிப்போடுங்க. எனக்கு ஒன்னே ஒன்னு. இது பேசோணும். அதும் தமிழ்ல. அது ஆச்சுன்னா மக வூட்டுக்குப் போயிருவேன். போன வருசத்திலருந்து வா வான்னு உசுரெடுக்கறா. ஆகலீன்னா போக மாட்டேன். அங்க பன்னெண்டாவது மாடியில, மூலைல வெச்ச மூட்டையாட்டம் என்னால உக்கார முடியாது.”

சேவியர் தலையாட்டினார். தலையாட்டியது அந்த அம்மாளுக்குத் தெரியாதே என்று தோன்ற, “ஆயிடும் சிஸ்டர்,” என்றார்.

அவர் போன பிறகும் அந்த நாற்காலி மேசைக்கு எதிரிலேயே இருந்தது. சேவியர் அதை எடுத்து மடக்கி வைக்கவில்லை.

வேலையில் இறங்கினால் அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. பேச வேண்டும் என்றாரே, தமிழில் மகளோடு பேசுவதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு முதலில் உருவிப்போடுகிற கேமராவை இதில் விட்டுவைத்தார். மைக்கைச் சோதித்தார். விடியோவில் பேசும் செயலியை, ஒரே பொத்தானை அமுக்கினால் மகளுக்குப் போகிற மாதிரி அமைத்தார். மிச்சத்தில் கை வைத்தபோது இரக்கம் காட்டவில்லை. மொழிகளில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி மூன்றைத் தவிர எல்லாம் போயின. வாசித்துக் காட்டும் குரல்கள் போயின. இது அவருடைய பழைய வழக்கம். இந்தச் சந்தில் எவருமே மெஷினின் குரலைக் கேட்டதில்லை, தமிழைக் கேட்டதில்லை. ஒன்று எடுப்பார், ஓட்டிப் பார்ப்பார். கடைசியில் அந்தக் கிழட்டு லேப்டாப், மூடியைத் திறந்ததும் விழித்துக்கொண்டது. இவ்வளவு மெலிவாக அவர் எதையும் செய்ததில்லை.

கனகவல்லி வந்து உட்கார்ந்தார். கைகளை விசைப்பலகைமேல் வைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் மேடு உள்ள பொத்தான்களைத் தேடிப் பிடித்தார். ஒன்றை அமுக்கினார். இன்னொன்றை அமுக்கினார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

“என்னங்க தம்பி, ஊமையாட்டம் உக்காந்துட்டிருக்குது?”

“நீங்க பேசுங்க சிஸ்டர். ஸ்பேஸ் பட்டன் அமுக்குங்க, உங்க பொண்ணுக்கு ரிங் போவும். மூஞ்சி கூட தெரியும்.”

“எனக்கெங்க தெரியும்?”

சேவியர் ஸ்பேஸ் பொத்தானை நோக்கி நீட்டிய விரலை இழுத்துக்கொண்டார்.

“மககூடப் பேசறதுக்கு எனக்கு லேப்டாப்பு எதுக்குங்க? போன் இருக்குது, அவ வாய் இருக்குது. நான் பேசோணும்னா சொன்னேன்? இது பேசோணும்னேன். இது. இந்தப் பொட்டி. அதுல எழுதியிருக்கறத எனக்கு அது வாய்விட்டுப் படிச்சுச் சொல்லோணும்.”

“பேசணும்னு சொன்னீங்க, நான்… உங்களுக்குத்தான் பேசணும்னு…” அவர் தமிழில் காரணத்தைத் தேடினார். “‘இது’ன்னீங்க, நான் ‘இதுல’ன்னு… ஒரு எழுத்துதான் சிஸ்டர் வித்தியாசம்.”

“அந்தக் கொரலு எங்க இப்ப?”

“எடுத்துட்டேன்.”

“தமிழு?”

“அதையுந்தான்.”

கனகவல்லியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று சேவியர் எழுந்துவிட்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பூனாவுல தேடித் தேடி ஒரு தமிழாளப் புடிச்சு வந்து குடுத்தா, அவரு மொத வேலையாத் தமிழ வெட்டிப்போட்டாரு. மராட்டிக்காரங்கிட்டக் குடுத்திருந்தா தப்பிச்சிருக்கும்.”

அன்றுதான் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. சேவியர், ஜெபமோ சுலோகமோ இருக்கும் என்று நினைத்திருந்தார். கொலைக் கதைகள். இரவு டியூட்டியில் வார்டு அடங்கியபிறகு படிக்க ஆரம்பித்த பழக்கமாம். புத்தகத்தில் இருந்தது, பிறகு கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் வைத்துப் படித்தது, கண் போனபிறகு நின்றது. பார்கவிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பேத்திக்கு அதுவும் வராது. “படிக்கத் தெரிஞ்சது மாப்பிள்ளை ஒருத்தருதான். மதுரக்காரரு. ‘ரத்தஞ் சொட்டச் சொட்ட அவள் கிடந்தாள்’னு தினமும் சாயங்காலம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க மாப்பிள்ளைன்னு கேக்க முடியுங்களா? அதுக்குத்தான். வேளைக்குச் சோறு போடுவாங்க, நல்லாப் பாத்துக்குவாங்க. ஆனா பொழுதுக்கும் அடுத்தவங்க வாயப் பாத்துட்டு ஒக்காரோணும்னா நான் போகல.”

சேவியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். எடுத்துப் போட்டதில் எதைத் திரும்ப வைக்க வேண்டும் என்று தேடினார். கேமரா போயிற்று, குரல் வந்தது, பழைய டிஸ்க்கிலிருந்த கதைகளும் வந்தன. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதனோடு ஒரு தமிழ்க் குரலும் உண்டு. பெரிய, மனிதக் குரல் மாதிரியானவை இந்த லேப்டாப்புக்குத் தாங்காது. இது சின்னக் குரல். மூக்கடைத்த ஆள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் மெஷினுக்கு அது ஒரு பாரமே இல்லை.

கனகவல்லி முதல்முறை அதைக் கேட்டபோது முகத்தைச் சுளித்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் சுளிப்புப் போய்விட்டது.

“சளி புடிச்சிருக்குது பாவம். ஆனாத் தெளிவாத்தான் சொல்றான்.”

பிறகுதான் பாட்டில் வந்தது. கதையில் இன்ஸ்பெக்டர் அறைக்குள் நுழைகிறார். மேசைமேல் விஷப் பாட்டில் இருக்கிறது. தமிழில் பாட்டுக்கும் பாட்டிலுக்கும் ஒரே பா. படிக்கிற மனுஷன் பார்த்துச் சொல்லிக்கொள்வான். மெஷினுக்குத் தெரியாது. அது, சங்கீதக் கச்சேரியில் சொல்கிற மாதிரி அழுத்தமாக, பாட்டில் என்றது.

“விசப் பாட்டுல இருந்துச்சாம்,” என்று கனகவல்லி மேசையைத் தட்டிச் சிரித்தார். “பாட்டுக் கேட்டே செத்துப் போனானாட்டிருக்குது.”

சேவியருக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கடைக்குள் அவர் சத்தமாகச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எதிர்க் கடைக்காரர் வடையைப் போடாமல் எட்டிப் பார்த்தார்.

அந்த மென்பொருளில் ஓர் அகராதி உண்டு. இந்தச் சொல் வந்தால் இந்த ஒலியில் சொல் என்று அதில் எழுதிவைக்கலாம். சேவியரால் தமிழ் படிக்க முடியாது. கனகவல்லியால் திரையைப் பார்க்க முடியாது. குரல் தப்பாகச் சொன்ன இடத்தில் அவர் “நில்லு” என்பார். சேவியர், குரல் நின்ற இடத்தில் இருக்கிற சொல்லை அப்படியே எடுத்து அகராதியில் போட்டு, சரியான ஒலியை இங்கிலீஷ் எழுத்தில் சொல்லிக்கொடுத்து, மறுபடி ஓட்டுவார். “இன்னுங் கொஞ்சம் மெதுவா… ஆங், இப்ப ஆளு திருந்திட்டான்.” இப்படி பாஸ்கரும், டாக்டரும், காயத்ரியும், பஸ்ஸும், பீரோவும் ஒவ்வொன்றாகத் திருந்தினார்கள். செவ்வாயும் வெள்ளியும் கனகவல்லி வருவார். தூக்குப் பாத்திரத்தில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வரும், ஒருநாள் அரிசிம்பருப்புச் சோறு வந்தது. சேவியர் எதிர்க் கடையிலிருந்து டீ சொல்வார். கொலை விழும், துப்பு கிடைக்கும், நடுவே பொள்ளாச்சியும் கட்கியும் வந்துபோகும். மூடி இல்லாத பெட்டி மாதிரி இருக்கிற எழுத்துதான் ‘ப’ என்று சேவியருக்கே தெரிய ஆரம்பித்தது. பேச்சில் துரு உதிர்ந்தது. இட்லித் தட்டில் கிடப்பதைப் பார்த்ததும் ‘திருகாணி’ என்ற சொல் தானாக வந்தது.

பாட்டில் மட்டும் வழிக்கு வரவில்லை. பாட்டில் என்பதைக் கண்ணாடிப் பாட்டிலாக மாற்றினால், இன்னொரு கதையில் ‘அந்தப் பாட்டில் சுருதி சேரவில்லை’ என்ற இடத்தில் சுருதி கண்ணாடிப் பாட்டிலுக்குள் போய்விட்டது. ஆகவே முன்னால் வரும் சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். விஷப் பாட்டில், மருந்துப் பாட்டில், தண்ணீர்ப் பாட்டில், உடைந்த பாட்டில். பாட்டிலோடு நிற்கவில்லை. பாவம் என்று எழுதினால் அது செய்த பாவமா, முகத்தில் காட்டுகிற பாவமா. கோபி என்றால் ஆளா, ஊரா. ஒன்றைப் பிடித்தால் ஒன்பது முளைத்தன.

“இன்னும் எத்தன நாளாகுங் தம்பி?” என்று கனகவல்லி கேட்டார்.

“கொஞ்சம் வார்த்தைங்க இருக்குது சிஸ்டர். வர்ற வெள்ளிக்கு ஆயிடும்.”

வெள்ளி வந்தது. “செவ்வாக்கெழமை பக்கா.”

செவ்வாயும் போயிற்று. இதற்கிடையில் பார்கவி ஃபோன் செய்தாள். “அங்கிள், இங்க ரூம் எல்லாம் ரெடி. அம்மா அந்த லேப்டாப் வந்தாத்தான் வருவேங்கறாங்க. ஏதாவது பிராப்ளமா? வேற யாருக்கிட்டயாவது காட்டணுமா?”

“இல்லம்மா. ஃபைனல் ஸ்டேஜ்,” என்றார் சேவியர்.

சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. மேசையில் வேலை இருக்கத்தான் செய்தது. ஆட்கள் இல்லாத பகலில் அவர் ஒரு கதையைக் கணினியில் ஓடவிட்டு, காதைக் கொடுத்துத் தப்புத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மதியம் அகராதியில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, இது எந்தக் கதையில் வருகிறது என்று பார்த்தார். கனகவல்லி ஏற்கெனவே கேட்டு முடித்த கதை. அவர் இனி அதைக் கேட்கப்போவதில்லை. சேவியர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாணேர் ஒன்றும் தூரமில்லை. இங்கே பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் பாணேரிலிருந்து போபோடிக்கு யாரும் வருவதில்லை. வருவதற்கு இங்கே எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி விசைப்பலகையை இழுத்து, அடுத்த சொல்லைத் தேடினார்.

அந்த வெள்ளிக்கிழமை கனகவல்லி தாமதமாக வந்தார். ஆட்டோக்காரரே கையைப் பிடித்துக் கடைக்குள் கொண்டுவந்து விட்டார். நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, எலுமிச்சை அளவுக்கு வீங்கிக் கன்றிப் போயிருந்தது.

“இன்னா ஆச்சு சிஸ்டர்?”

“அலமாரிக் கதவு. நாந்தான் தொறந்து வெச்சிருப்பேன். அது அங்க நிக்கறது எனக்குத் தெரியல.”

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?”

“நானே ஆஸ்பத்திரிதான். ஐஸ் வெச்சுட்டேன்.” அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். இன்று தூக்குப் பாத்திரம் இல்லை. “அடுப்புப் பக்கம் போறதுக்கே ரெண்டு நாளா யோசனையா இருக்குது. பார்கவிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சொன்னா இன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவா. செரி, உடுங்க. போன தடவ எங்க உட்டோம்? அந்தப் பாட்டுலு என்னாச்சு?”

சேவியர் வீங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பது கனகவல்லிக்குத் தெரியாது என்பதால் வெகுநேரம் பார்த்தார்.

“சிஸ்டர், உண்மையாவே சொல்லுங்க. இன்னும் எதுனா திருத்தணுமா இதுல?”

கனகவல்லி லேப்டாப்பின் விளிம்பைத் தடவினார்.

“எனக்கு மூள இருக்குதுங்க தம்பி. பாட்டா பாட்டுலான்னு நான் பாத்துக்குவேன். கத படிக்கறவளுக்கு அது கூடத் தெரியாதா? மொதல் வாரத்துலயே எனக்குப் போதும்னுதான் இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் முடிக்கல?”

எதிரே எண்ணெயில் வடை விழும் சத்தம் கேட்டது.

“பொண்ணுக்கு ஃபோன் போடுங்க சிஸ்டர்,” என்றார் சேவியர். “இங்கயே வந்து கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லுங்க. இன்னிக்கே ஆயிடும்.”

கனகவல்லி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பிறகு பொத்தானை அமுக்கினார்.

சேவியர் மேசைக்குத் திரும்பினார். தான் சோதனைக்காகப் போட்டவற்றை எல்லாம் நீக்கினார். மூடியைத் திறந்ததும் குரல் தானாக எழுகிறதா, மறுபடி மறுபடி மூடித் திறந்து பார்த்தார். கதைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரு பொத்தானில் அது திறக்கும்படி செய்தார். மெஷின் தானாக எதையும் புதிதாக இறக்கி கனகவல்லியின் காதில் இங்கிலீஷில் எதையாவது கேட்காதபடி, அந்த வழிகளை அடைத்தார். பாதுகாப்புக்குத் தேவையானதை மட்டும் விட்டுவைத்தார். குரலை நிறுத்தும் பொத்தானில் நகப்பூச்சால் ஒரு சொட்டு வைத்தார், விரலுக்குத் தட்டுப்படும் மேடாக. சொட்டு காயும்வரை ஊதினார். அடிமூடியின் திருகாணிகளை ஒவ்வொன்றாக மறுபடி இறுக்கிப் பார்த்தார். எல்லாம் இறுகியே இருந்தன.

“வாங்க. இப்ப நீங்களே பண்ணுங்க. நான் தொட மாட்டேன்.”

கனகவல்லி மூடியைத் திறந்தார். விரல்கள் மேடுகளைத் தேடிப் பிடித்தன. குரல் வணக்கம் சொன்னது. அவர் ஒரு பொத்தானை அமுக்க, கதைகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றில் நிறுத்தினார். ‘அத்தியாயம் ஒன்று. பிணத்தை முதலில் பார்த்தவள் பால்காரி’ என்றது குரல். கனகவல்லி நகப்பூச்சுச் சொட்டை அமுக்கினார். குரல் நின்றது.

“போதும். மிச்சம் அங்க போயி,” என்றார். புதையலை ஒளித்து வைக்கிற குழந்தையின் முகம் இருந்தது அவருக்கு.

பார்கவியின் கார் சந்துக்குள் வர முடியாமல் முனையிலேயே நின்றது. அவள் நடந்து வந்தாள், நெற்றியைப் பார்த்தாள், “அம்மா” என்று மட்டும் சொல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சேவியரிடம் திரும்பினாள்.

“தேங்க்ஸ் அங்கிள். ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டாங்களா அம்மா?”

“ஒன்னுமில்லம்மா. ஏதாச்சும் நின்னு போச்சுன்னா ஃபோன் பண்ணுங்க. நான் வந்து பாக்கறேன்.”

“அவ்ளோ தூரம் எதுக்கு அங்கிள், எங்க அபார்ட்மென்ட் சொசைட்டி கீழயே ஒரு சர்வீஸ் சென்டர் இருக்கு. பார்த்துப்பாங்க.” நல்ல மனசோடுதான் சொன்னாள்.

“அவங்க பார்த்தா முதல்ல புதுசா எல்லாத்தையும் ஏத்திடுவாங்கம்மா. அப்ப இது பேசாது. அத மட்டும் சொல்லி வெச்சிடுங்க.”

“சொல்றேன் அங்கிள்.”

“எதும் ஆகாது,” என்றார் கனகவல்லி. “இது அவரு பண்ணுனது.”

சேவியர் ஒயரைச் சுற்றிப் பையின் பக்கவாட்டில் செருகினார். லேப்டாப்பை மென்மையான துணியால் ஒருதடவை துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொருதடவை துடைத்தார். பார்கவி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். சேவியர் பையை அவளிடம் கொடுத்தார். லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. கனகவல்லிக்கு முன்னால் குனிந்து, “கைய நீட்டுங்க சிஸ்டர்,” என்றார். நீட்டிய கைகள் காற்றில் கொஞ்சம் இடதுபக்கமாக நின்றன. சேவியர் அந்தப் பக்கம் ஒரு எட்டு நகர்ந்து, அவற்றின்மேல் லேப்டாப்பைப் படுக்கையாக வைத்து, பத்து விரல்களும் விளிம்பைப் பிடித்துக்கொண்ட பிறகு தன் கைகளை எடுத்தார்.